குற்றவாளி பேட்டரிதானா?
பழைய கார்களின் மின்சார வரலாறு

பழைய கார் ஒன்று கிளம்ப மறுத்தால் முதலில் குற்றம் சாட்டப்படுவது பேட்டரிதான். "பேட்டரி டவுன்" என்று தீர்ப்புச் சொல்லிப் புதிய பேட்டரி ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறார்கள். கார் கிளம்பிவிடுகிறது. பத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அதே கதை. ஆயிரக்கணக்கில் பணம் செலவாகியும் நோய் தீரவில்லை. ஏன் தெரியுமா? பல சமயங்களில் பேட்டரி குற்றவாளியே அல்ல, அதுதான் பாதிக்கப்பட்டது!

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூரை எடுத்துக்கொள்ளுங்கள். உத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஜமீன் அது. இவ்வூரிலோ, அடுத்துள்ள சுரண்டையிலோ ஒருவர் தம் தந்தையார் காலத்து அம்பாசிடர் காரைக் கொட்டகையில் வைத்துப் போற்றி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்குனி, சித்திரையில் கொட்டகை அடுப்பாய்க் காய்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலின் ஈரத்தைச் சுமந்த காற்று வீசுகிறது. வெப்பம் பேட்டரியை உள்ளிருந்து அரிக்கிறது; ஈரம் மின்னிணைப்புகளில் களிம்பேற்றுகிறது.

இத்துடன் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வாகனங்களை 'விண்டேஜ்' வாகனங்களாகப் பதிவு செய்ய மைய அரசு 2021-இல் விதி வகுத்தது. அவ்வாறு பதிவான காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பந்தய ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். ஆகவே பழைய கார் பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கிறது. நிற்கும் காரில்தான் மின்சாரக் கோளாறுகள் மிகுதி.

இக்கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பழைய காரின் மின்சுற்று ஒரே நாளில் ஒருவரால் வரையப்பட்டதன்று. ஒரு குறையைத் தீர்க்க ஓர் உறுப்பு வந்தது. அந்த உறுப்பின் குறையைத் தீர்க்க அடுத்தது வந்தது. எந்த உறுப்பு எந்தக் குறைக்காக வந்தது என்று அறிந்தால், அது பழுதானால் என்ன ஆகும் என்பதும் தானே விளங்கும். வரலாறே இங்கே வைத்திய நூலாகிறது. வாருங்கள், அந்த வரலாற்றைக் காண்போம்.

காரீயத் தகடுகள்

1859-இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாண்டே இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் சேமித்து வைத்துக்கொண்டது. பிறகு திருப்பிக் கொடுத்தது. இதுவே முதல் காரீய-அமிலச் சேமக்கலம். ஆனால் தகடுகளைப் பக்குவப்படுத்த நெடுநாள் பிடித்தது. 1881-இல் கமீல் ஃபோர் என்பவர் தகட்டின் மேல் காரீய ஆக்சைடுப் பசையைத் தடவி, குறைந்த நேரத்தில் மிகுதியான மின்சாரம் கொள்ளும்படி செய்தார். இன்று உங்கள் காரில் இருக்கும் பேட்டரி இவ்விருவரின் வழித்தோன்றலே.

அதனுள் என்ன நடக்கிறது? நேர்த்தகட்டில் காரீய டையாக்சைடும் எதிர்த்தகட்டில் தூய காரீயமும் உள்ளன. மின்சாரம் எடுக்கும்போது இரண்டும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அதற்கு வேண்டிய அமிலம் கரைசலிலிருந்து செல்கிறது. ஆகவே கரைசல் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்யும்போது சல்பேட்டு மீண்டும் பிரிந்து அமிலம் கரைசலுக்குத் திரும்புகிறது. எனவே அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தால் பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மீதியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒர்க்ஷாப்பில் ரப்பர் குமிழும் கண்ணாடிக் குழாயும் கொண்ட ஹைட்ராமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்ப்பது இதற்காகவே.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளிர்நாட்டுப் புத்தகங்கள், முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரியின் ஒப்படர்த்தி 1.270 முதல் 1.290 வரை இருக்கவேண்டும் என்கின்றன. ஆனால் வெப்ப நாடுகளில் செறிந்த அமிலம் தகடுகளை விரைவில் அரித்துவிடும். ஆகவே அக்காலப் பிரிட்டிஷ் கார்களின் கையேடுகள் வெப்ப நாடுகளுக்கென்று தனி அளவு கொடுத்தன: முழு மின்னேற்றத்தில் 1.210 முதல் 1.230, பாதியில் 1.130 முதல் 1.150, தீர்ந்த நிலையில் 1.050 முதல் 1.070. வெப்ப நாட்டு அமிலம் ஊற்றிய பேட்டரி 1.220 காட்டினால் அது நிறைந்த பேட்டரி. குளிர்நாட்டுப் பக்கத்தை மட்டும் படித்தவர் அதையே "முக்கால்வாசிகூட இல்லை" என்று தள்ளிவிடுவார். ஆகவே உங்கள் பேட்டரியில் எந்த அமிலம் ஊற்றப்பட்டது என்பதை முதலில் விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வோல்ட்மீட்டரால் பார்ப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒப்படர்த்தியுடன் 0.84-ஐக் கூட்டினால் ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழக் கிடைக்கும். 1.270 என்றால் 2.11 வோல்ட், ஆறு கலங்களுக்கு 12.66 வோல்ட். 1.220 என்றால் 2.06 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 12.36 வோல்ட். இரண்டுமே முழுப் பேட்டரிகள்தாம்! ஆனால் இந்த அளவை மின்னேற்றம் முடிந்த கையோடு எடுக்கக்கூடாது. சில மணி நேரம் ஓய்ந்த பிறகே எடுக்கவேண்டும்.

மொத்த அளவைவிட முக்கியமானது ஆறு கலங்களையும் ஒப்பிடுவது. ஐந்து கலங்கள் 1.210 காட்டி, ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்தக் கலம் நோயுற்றது. இங்கே பேட்டரியே குற்றவாளி. ஆறும் ஒன்றுபோல் 1.130 காட்டினால் பேட்டரி பட்டினி கிடக்கிறது என்று பொருள். உணவு ஊட்டவேண்டிய உறுப்பைத் தேடுங்கள்.

மின்சாரம் தீர்ந்த பேட்டரியை அப்படியே வைத்திருந்தால் தகட்டிலுள்ள காரீய சல்பேட்டு கெட்டியான பெரும் படிகங்களாகிவிடும். பிறகு மின்னேற்றினாலும் அது எளிதில் கரையாது. இதைத்தான் சல்பேஷன் என்கிறார்கள். பேட்டரி சும்மா இருக்கும்போதும் உள்ளுக்குள் மின்சாரத்தை இழந்துகொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற காரின் பேட்டரி ஏன் இறக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். மாதம் ஒருமுறையேனும் அதை வெளியிலிருந்து மின்னேற்றுவது அவசியம்.

கைப்பிடி போய் செல்ப் வந்தது

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டியிலேயே மின்சாரம் இருந்தது. ஆனால் அதன் பணி எஞ்சினுள் தீப்பொறி உண்டாக்குவது மட்டுமே. மின்கலம் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். இக்குறை தீர, எஞ்சின் சுழற்சியிலேயே பொறி தரும் மாக்னெட்டோ வந்தது. விளக்குகளுக்குக் கார்பைடிலிருந்து வரும் அசெட்டிலின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். ஆக, அக்காலத்துக் கார்கள் பல பேட்டரியே இல்லாமல் ஓடின.

எஞ்சினைக் கிளப்ப முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்றவேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை எலும்பு முறியும். இதைத் தீர்த்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் கெட்டரிங். முன்னர் அவர் கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்குச் சிறிய மின்மோட்டார் அமைத்தவர். அந்த மோட்டார் நாள் முழுவதும் சுழல வேண்டியதில்லை. பெட்டி திறக்கும் சில நொடிகள் வேகமாகச் சுழன்றால் போதும். அதே கருத்தைக் காரில் புகுத்தினார். சிறிய மோட்டாருக்குச் சில நொடிகள் மட்டும் அளவுக்கு மீறிய மின்சாரம் கொடுத்தால் பெரிய எஞ்சினையும் சுழற்றிவிடும். 1912-ஆம் ஆண்டின் கெடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது. நாம் 'செல்ப்' என்று சுருக்கிச் சொல்வது இந்தச் 'செல்ப் ஸ்டார்ட்டரை'த்தான்.

"அளவுக்கு மீறிய மின்சாரம், சில நொடிகள்" என்பதை நினைவில் வையுங்கள். பழைய காரின் கோளாறுகளில் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது. செல்ப் மோட்டார் 200 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். பேட்டரி முனையில் களிம்பேறி 0.01 ஓம் மின்தடை உண்டாகியிருக்கிறது. 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு அந்த ஒரு முனையிலேயே தொலைந்துவிட்டது! ஆனால் அதே முனை வழியாக முகப்பு விளக்குக்குச் செல்வது ஏழெட்டு ஆம்பியர்தான். அங்கே இழப்பு 0.08 வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே விளக்கு பளிச்சென்று எரியும். செல்ப் மட்டும் முனகும். காரின் சொந்தக்காரர் குழம்பிப்போவார்.

இதைக் கண்டுபிடிக்க வோல்ட்மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து, நண்பர் ஒருவரைச் செல்ப் போடச் சொல்லுங்கள். முள் ஏறக்குறைய சுழியிலேயே நிற்கவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் எர்த் இணைப்பில் கோளாறு. இதே போல் பேட்டரியின் மற்ற முனைக்கும் செல்ப் மோட்டாரின் முனைக்கும் இடையே பாருங்கள். பிறகு பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே பாருங்கள். செல்ப் சுழலும்போது அங்கே 10 வோல்ட் அளவாவது இருக்கவேண்டும். அதற்கும் மிகவும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலோகம் மின்னும்படி தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்துப் புதுப்பித்த காரில் பெயின்ட்டின் மேலேயே அந்தப் பட்டையை முடுக்கிவிடுவதும் உண்டு. சாரற்காற்று வீசும் ஊரில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

எஞ்சிய காந்தம்

செல்ப் வந்ததும் புதிய சிக்கல் பிறந்தது. செலவழித்த மின்சாரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஊருக்கு மின்சாரம் வராத காலம் அது. நெல்லை மாவட்டத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதே 1944-இல்தான். கார் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு டைனமோ ஆயத்தமாகக் காத்திருந்தது.

காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்பதற்கு வழிகாட்டியது மைக்கேல் ஃபாரடே 1831-இல் செய்த ஆராய்ச்சி. ஆனால் நிலைக் காந்தம் வலிமை குறைந்தது. 1867-இல் வெர்னர் சீமென்ஸ் ஒரு வியப்பான வழியை அறிவித்தார். மின்காந்தத்தின் தேனிரும்பில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சிறிதளவு காந்தம் எஞ்சியிருக்கும். அந்தச் சிறு காந்தத்தில் சுருள் சுழன்றால் சிறிது மின்சாரம் பிறக்கும். அதையே மின்காந்தத்துக்குக் கொடுத்தால் காந்தம் வலுக்கும். மின்சாரம் மேலும் பெருகும். சிறு பொறியே பெருநெருப்பாவது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் அந்த எஞ்சிய காந்தம் மறைந்துவிட்டால்? டைனமோ எவ்வளவு சுழன்றாலும் மின்சாரம் பிறக்காது. நெடுங்காலம் நின்ற காரில் இது நடக்கக்கூடும். டைனமோவைக் கழற்றிப் பூட்டியபோதோ, பேட்டரியைத் தலைகீழாக மாட்டியபோதோ காந்தத்தின் திசை மாறிவிடுவதும் உண்டு. இதற்கு மருந்து மிக எளிது. டைனமோவில் 'டி' என்ற பெரிய முனையும் 'எஃப்' என்ற சிறிய முனையும் உள்ளன. இரண்டிலிருந்தும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு கம்பியைக் கொணர்ந்து 'எஃப்' முனையை இரண்டு மூன்று முறை கணநேரம் தொட்டு எடுக்கவேண்டும். காந்தம் திரும்பிவிடும். புதிய டைனமோ வாங்காமலே தீர்ந்த நோய் இது.

டைனமோ நலமா என்று பார்க்கவும் பழைய மெக்கானிக்குகள் அறிந்த சோதனை ஒன்று உண்டு. முதலில் பேன் பெல்ட்டைப் பாருங்கள்; நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கவேண்டும். பிறகு இரு கம்பிகளையும் கழற்றி, 'டி' முனையையும் 'எஃப்' முனையையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்மீட்டரை வையுங்கள். எஞ்சினைக் கிளப்பி மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். முள் தயங்காமல் ஏறவேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். அதற்காக எஞ்சினை விரட்டவும் வேண்டாம். முள் அசையவே இல்லை என்றால் கார்பன் தேய்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டர் அழுக்கேறியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன எஞ்சிய காந்தம் போயிருக்கலாம். அரை வோல்ட், ஒரு வோல்ட்டோடு நின்றுவிட்டால் காந்தச் சுருளில் கோளாறு. நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மெச்சூரில் கோளாறு.

கட்-அவுட்டும் ரெகுலேட்டரும்

டைனமோ வந்ததும் மேலும் இரண்டு குறைகள் தோன்றின. எஞ்சின் மெல்ல ஓடும்போதும் நிற்கும்போதும் டைனமோவின் அழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தைவிடக் குறைவு. அப்போது மின்சாரம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பி ஓடும். இதைத் தடுக்க ஒரு மின்காந்தக் கதவு வந்தது. அதுவே கட்-அவுட். டைனமோ 12.7 முதல் 13.3 வோல்ட்டை எட்டும்போது மூடிப் பாதையைத் தரும். மின்சாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கினால் திறந்துகொள்ளும்.

கட்-அவுட்டின் முனைகள் கருகிவிட்டால் பேட்டரிக்கு மின்சாரம் வராது. முனைகள் ஒட்டிக்கொண்டாலோ ஆபத்து. எஞ்சினை நிறுத்திய பிறகும் மின்சாரம் டைனமோவுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். கம்பிகள் சூடேறிப் புகையலாம். ஆகவே நெடுநாள் நிறுத்திவைக்கும் காரில் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது குறை, வேகம் கூடக்கூட டைனமோவின் அழுத்தமும் கூடிக்கொண்டே போவது. முதலில் மூன்றாவது கார்பன் ஒன்றை வைத்து மின்னோட்டத்துக்கு எல்லை கட்டினார்கள். ஆனால் பேட்டரி பசித்திருக்கிறதா, வயிறு நிறைந்திருக்கிறதா என்று அது அறியாது. நெடும்பயணத்தில் பேட்டரி கொதித்தது. அதைத் தவிர்க்கப் பகலிலும் விளக்கை எரியவிட்டு ஓட்டியவர்கள் உண்டு. 1930-களில் மின்னழுத்தத்தை உணர்ந்து காந்தச் சுருளின் மின்னோட்டத்தைக் குறைத்துக் கூட்டும் ரெகுலேட்டர் பிரிட்டிஷ் கார்களில் பரவியது. கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் அமர்ந்தன. பழைய அம்பாசிடரின் எஞ்சின் அறையில் நீங்கள் பார்த்திருக்கும் பெட்டி இதுவே.

பெட்டியைத் திறந்து திருகைத் திருகும் ஆசை பலருக்கு வரும். பொறுங்கள்! அக்கால லூக்காஸ் பெட்டிகள் பலவற்றில், பேட்டரித் தொடர்பை விலக்கிப் பார்க்கும்போது 20 டிகிரி வெப்பத்தில் 16.0 முதல் 16.6 வோல்ட் என்பதும், 40 டிகிரியில் 15.8 முதல் 16.4 வோல்ட் என்பதும் சரியான அளவுகள். இதை அறியாதவர் "14 வோல்ட்டுக்கு மேல் போகிறதே" என்று குறைத்துவிடுவார். பேட்டரி பட்டினி கிடக்கும். மற்ற உறுப்புகளையெல்லாம் பார்த்த பிறகு கடைசியாகத் தொடவேண்டியது இந்தத் திருகு.

டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். அதன் ஒரு பக்கம் பேட்டரி. மறு பக்கம் டைனமோ. இரு பக்கமும் அழுத்தம் சமமானால் விளக்கு அணையும். அணைந்தது என்றால் பேட்டரி நிறைகிறது என்று பொருளல்ல. டைனமோ சுழன்று அழுத்தம் தருகிறது என்பதே பொருள். வேகத்தில் ஓடும்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தால் கட்-அவுட் முனையிலோ வழியிலோ மின்தடை இருக்கிறது என்று அறியலாம். அம்மீட்டர் உள்ள கார்களில் இந்த ஐயமே எழாது. ஏற்றமா இறக்கமா என்று முள் நேராகச் சொல்லிவிடும்.

நம் நாட்டுக் கதை

அம்பாசிடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உற்பத்தியானது. சென்னையிலோ 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அதே ஆண்டில்தான் பிரிட்டனின் லூக்காஸ் நிறுவனமும் டி.வி.எஸ். நிறுவனமும் சேர்ந்து லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தை அமைத்தன. சென்னை பாடியில் வாகனங்களுக்கான மின்கருவிகள் உருவாயின. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-இல் பிறந்தது நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் என்பது நம் பகுதி வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சேமக்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் தமிழகத்தில் ஓர் இல்லம் உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அங்கே அமைந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

அக்கால டைனமோ தரும் மின்னோட்டம் மிகுதியாகச் சுமார் 20 ஆம்பியர். அன்றைய தேவைக்கு அது போதும். 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டுக்கு 7.5 ஆம்பியர், இக்னிஷன் காயிலுக்கு மூன்று நான்கு, மற்றச் சிறு விளக்குகளுக்கு இரண்டு. ஆக 13 ஆம்பியர். மிச்சம் பேட்டரிக்கு. இன்று நாம் என்ன செய்கிறோம்? 100 வாட் விளக்குகள் இரண்டு மாட்டுகிறோம், அவையே 16.7 ஆம்பியர் கேட்கின்றன. காயிலும் சிறு விளக்குகளும் சேர்ந்தால் 22-ஐத் தாண்டும். பாட்டுப்பெட்டி, விசிறி வேறு. வருமானத்தைவிடச் செலவு மிகுந்த குடும்பம் போல, பேட்டரி சேமிப்பைக் கரைத்துக் கொடுக்கிறது. அதிலும் குற்றாலச் சீசனில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது டைனமோவின் கட்-அவுட்டே மூடுவதில்லை. இந்தக் காரில் எந்த உறுப்பும் பழுதில்லை, கணக்கில்தான் பழுது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே ஆல்டர்னேட்டர். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் சிறிய சிலிக்கன் டையோடுகள் வந்த பிறகு அது காரில் நுழைந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-இல் தன் வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. எஞ்சின் மெல்ல ஓடும்போதும் அது மின்சாரம் தரும். டையோடுகள் பின்னோட்டத்தைத் தடுப்பதால் கட்-அவுட்டும் தேவையில்லை. ஆனால் டையோடு மென்மையானது. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் நொடியில் எரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையை ஆல்டர்னேட்டர் காரில் செய்யவே கூடாது.

பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே எர்த். 1960-களின் நடுவிலிருந்துதான் எதிர்முனை எர்த்தானது. ஆகவே பழைய காரில் கைவைக்கும் முன் எந்த முனை எர்த் என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

மேலே கண்ட வரலாற்றைத் தொகுத்தால் பின்வரும் வரிசை கிடைக்கும்.

1. முனைகளும் எர்த் பட்டையும். செலவில்லாத சோதனை, முதலில் இதுவே.

2. பேட்டரியின் ஆறு கலங்களின் ஒப்படர்த்தி. ஒன்று மட்டும் தாழ்ந்தால் பேட்டரி நோய். ஆறும் தாழ்ந்தால் பட்டினி.

3. கார் நிற்கும்போது கசிவு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, இடையே அம்மீட்டரை வைத்துப் பாருங்கள். செல்ப் மட்டும் போடக்கூடாது. கடிகாரமும் மின்னணுக் கருவிகளும் இல்லாத பழைய காரில் முள் சுழியில் நிற்கவேண்டும்.

4. பேன் பெல்ட், பிறகு டைனமோ.

5. கட்-அவுட், அதன் பின்னரே ரெகுலேட்டர்.

6. எல்லாம் நலமென்றால் ஆம்பியர் கணக்கு.

புதிய பேட்டரி வாங்குவது என்பது இந்த வரிசையின் இரண்டாம் படியில், அதுவும் ஒரு கிளையில் மட்டுமே வருகிறது என்பதைக் கவனித்தீர்களா?

எச்சரிக்கைகள் சில. மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் தொடுங்கள். குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். கிணற்று நீர் ஆகாது. அமிலத்தை நீர்க்கச் செய்ய நேர்ந்தால் நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

வீணாகத் தூக்கியெறியும் ஒவ்வொரு பேட்டரியும் பணப்பிரச்சினை மட்டுமன்று. அதிலுள்ள காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். முறையின்றி உடைத்து உருக்கும் இடங்களில் மண்ணும் நீரும் கெடுகின்றன. இதற்காகவே 2001-இலும், பின்னர் விரிவாக 2022-இலும் மைய அரசு விதிகள் வகுத்தது. பழைய பேட்டரியைத் தெருவோர உருக்காளரிடம் கொடுக்காமல், புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஆர்மெச்சூர் சுற்றவும், கட்-அவுட் முனை தேய்க்கவும், எஞ்சிய காந்தத்தை மீட்கவும் தெரிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. தென்காசியிலோ சுரண்டையிலோ உங்கள் ஊரிலோ அப்படி ஒரு முதியவர் ஒர்க்ஷாப் வைத்திருந்தால், மாணவர்களே, ஒரு விடுமுறை நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவரிடம் செல்லுங்கள். அவர் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஃபாரடேயும் சீமென்சும் பாடப்புத்தகத்தில் சொன்னதை அவர் கையால் செய்து காட்டுவார்.